அங்க அடையாளங்கள்

பச்சை என்று மட்டும் எழுதினால் போதாது.
காசிமேட்டில் வெயில் பட்டால்
எந்த ஈயும் பச்சைதான்.
ஐஸ் பெட்டி விளிம்பில் உட்கார்ந்திருப்பது
மயில் கழுத்து.
கொஞ்சம் திரும்பினால் நீலம்.
இன்னும் திரும்பினால்
புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடத்தின்
மறுநாள் நிறம்.

நிறத்தை நம்பாதே, கன்னத்தைப் பார்:
நுண்ணோக்கியின் கழுத்தில்
நானே எழுதி ஒட்டிய சீட்டு.
கன்னம் ஆரஞ்சு, கண் செங்கல் சிவப்பு,
ஆணென்றால் இரண்டு கண்ணும்
உச்சியில் முட்டிக்கொள்ளும்:
பெருந்தலை ஈ.
நெஞ்சோரத்து மூச்சுத்துளை
சுண்ணாம்பு தொட்ட விரல்நுனிபோல் வெள்ளையா,
அது இன்னொன்று.
அதன் புழு பக்கத்துப் புழுவைத் தின்னும்.
முதுகில் மூன்று கறுப்புக் கோடு,
வயிற்றில் சதுரங்கக் கட்டம்:
சதை ஈ. என் மேசைக்கு வேண்டாம்.

என் பள்ளிச் சான்றிதழில்
அடையாளம் ஒன்று, இடது கன்னத்தில் மச்சம்.
இரண்டாவது கிடைக்காமல்
வலது முழங்காலில் தழும்பு என்று
டீச்சரே எழுதிக்கொண்டார்.
அங்கே இன்றுவரை எதுவும் இல்லை.

சித்திரை பதினொன்று.
எண்ணூர் முகத்துவாரம்,
சாம்பல் குழாய் ஓரம், அலையாத்திப் புதரில்
ஆண், வயது சுமார் நாற்பது.
அங்க அடையாளங்கள்:
ஒன்று, கோடு.
இரண்டு, கோடு.

ஏட்டு அருள்தாஸ் சிரித்தார்.
“இன்னா மேடம், ஈயப் பாத்து
நாள் சொல்லுவீங்களாமே, ஜோசியமா?”
“இப்போதைக்குப் புழு சார்.
ஈ ஆகட்டும், சொல்றேன்.”

ஊறுகாய் பாட்டிலில் மரத்தூள்,
மேலே கோழி ஈரல், வாய்க்குக் காடாத்துணி.
தினம் நூறு கிராம் வாங்குவதைப் பார்த்து
தண்டையார்பேட்டை கறிக்கடைக்காரர் கேட்டார்,
வீட்டில் யாருக்கு ரத்தச் சோகை?

எட்டாம் நாள் விடிகாலை
முதல் ஈ கூட்டை முட்டித் திறந்தது.
நிறமே இல்லை.
நனைந்த செய்தித்தாள் சாம்பல்.
இறக்கை, சட்டைப் பையில் துவைபட்ட
பஸ் டிக்கெட்.
நெற்றியில் ஒரு பை புடைத்துப் புடைத்து
அடங்கிக்கொண்டிருந்தது.
கையேடு சொல்கிறது:
நிறம் ஏறும்வரை பெயரிடாதே.

அன்றைக்குத்தான் தேசராணி வந்தாள்.
மீன் செதில் ஒட்டிய கை,
கையில் மடித்த ரேஷன் கார்டு.
“இடது புருவத்துல வெட்டு இருக்கும்.
கயிறு அறுந்து அடிச்சது.
முழங்கைல ஆமை பச்ச குத்திருக்கும்,
ஒரு கால் சின்னதா, குத்துனவன் குடிச்சிருந்தான்.”

பச்சை ஈ முதலில் முட்டையிடுவது
கண்ணோரம், வாயோரம்,
பிறகு தோல் திறந்த எங்கும்.
முழங்கை வரை நண்டின் கணக்கு.
இது எனக்குத் தெரியும்.
“பல்லு பாப்பாங்க, ரத்தம் அனுப்பிருக்கோம்” என்றேன்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள்.
“இது அவருட்டருந்து எடுத்ததா?”
அவரா என்று இன்னும் தெரியாது என்று
சொல்லியிருக்க வேண்டும்.
“ஆமா.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
கரண்ட் போனது, வந்தது.
பத்து மணிக்குக் கண் சிவந்தது.
பிறகு தோளில் ஒரு நீலப் பொட்டு,
பெட்ரோல் சிந்திய தண்ணீர்போல் பரவி
வயிறு வரை.
கடைசியாகக் கன்னம், மெல்ல, மஞ்சளாகி
ஆரஞ்சாக.
மூச்சுத்துளை கறுப்பு.
என் நோட்டில் ஒரு பக்கம் நிறைந்தது.
அந்த மனிதரின் தாளில்
இரண்டு கோடும் அப்படியே.

“இப்ப இது பேர் தெரிஞ்சிடுச்சா?”
“தெரிஞ்சிடுச்சு.”

அடுத்து
பஞ்சில் மருந்து நனைத்து உள்ளே போட வேண்டும்,
துடிப்பு நின்றதும்
வலது தோளில் ஊசி இறக்க வேண்டும்.
அவள் எழுந்து போகட்டும் என்று
மருந்துப் புட்டியைக் கையில் வைத்தபடி
காத்திருந்தேன்.

அவள் போகவில்லை.