குழாய் பிடிப்பவன்

வெள்ளி மாலை ஐந்தே முக்கால்.
ஹோபர்ட்டில் அலுவலகங்கள் பூட்டியாகிவிட்டன.
என் சமையல்மேடையில் ஒரு தொலைபேசி
தீர்ப்பாயமாக இருக்கிறது.
வெங்காயம் கருகுகிறது.
அடுப்பை அணைக்க நான்
யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மனு: டாரல் ஹிங்ஸ்டன், வயது நாற்பத்தொன்பது.
டோவர் துறை. அபலோனிச் சிப்பிக்கு முக்குளிப்பவர்.
பதினான்கு மாதம் முன்பு
பதினெட்டு மீட்டர் ஆழத்தில் காற்று நின்றது.
ஆளை மேலே எடுத்துவிட்டார்கள்.
நேற்றையும் நாளையையும் சேர்த்துக் கட்டியிருந்த ஏதோ ஒன்று
பாசிக்காட்டிலேயே தங்கிவிட்டது.

அவசரம் இதுதான்:
திங்கள் காலை ஒன்பது மணிக்கு
உரிமமும் படகும் வீடும் கைமாறுகின்றன.
கையெழுத்து அவருடையதே.
மூன்று இடங்களில்,
பள்ளிப்பிள்ளை எழுதியதுபோல்
கோட்டின்மேல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது.

"யார் போடச் சொன்னது?"
"நெவில்."
"நெவில் யார்?"
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்கிறது.
"மேலே இருந்து என் குழாயைப் பிடிப்பவன்."

இருபது வருடம்.
கீழே இவர் பாறையில் சிப்பி பெயர்க்க,
மஞ்சள் குழாயை விரலிடுக்கில் ஓடவிட்டபடி
மேலே அவன்.
ஓர் இழுப்பு என்றால் நலம்.
இரண்டு என்றால் கூடை நிறைந்தது.
மூன்று என்றால் தூக்கு.
தன் மூச்சை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு
இருட்டுக்குள் இறங்கிப் பழகியவர்,
அதே கை பேனாவை நீட்டினால்
எதற்கு என்றா கேட்பார்?

நெவிலும் இணைப்பில் இருக்கிறான்.
"குழாய் சிக்கிய அன்று குதித்தது நான்."
உண்மை. கோப்பில் இருக்கிறது.
பத்திரத்தில் விலை ஒரு டாலர் என்று இருக்கிறதே, அதுவும் உண்மை.
கெட்டவன் என்று குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை.
நல்லவன் என்று குறிக்கவும் இல்லை.

மனு போட்டது இமோஜென், பேச்சுப் பயிற்சியாளர்.
"பத்திரத்தை வாசித்துக் காட்டினேன்," என்கிறாள்.
"படகை விற்கிறீர்கள் என்றேன்.
பாவம், யார் படகு என்று கேட்டார்."

சொல்லியாக வேண்டும். சொல்கிறேன்:
டாரல், இருபத்தெட்டு நாள்
உங்கள் கையெழுத்து செல்லாது.
ரொவீனா என்ற அதிகாரி
உங்களுக்காக முடிவெடுப்பார்.

எவ்வளவு மெல்லச் சொன்னாலும்
பிடுங்குவது பிடுங்குவதுதான்.
காப்பு என்கிறோம்.
பிள்ளைக்குப் பூட்டினாலும் காப்பு,
போலீஸ் பூட்டினாலும் காப்பு.
மணிக்கட்டுக்கு எப்படித் தெரியும்?

அவர் அழவில்லை, கத்தவில்லை.
"அந்த அம்மாவுக்குக் குழாய் பிடிக்கத் தெரியுமா?"

சட்டப்புத்தகம் எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.
அதில் இதற்குப் பிரிவு இல்லை.

இணைப்பின் இன்னொரு முனையில்
ரொவீனா தொண்டையைச் செருமுகிறாள்.
"தெரியாது. எப்படிப் பிடிக்க வேண்டும்?"

ஒரு வாக்கியத்தை முடிக்கத் தடுமாறுபவர்
பதினோரு நிமிடம் பேசினார்.
தண்ணீரைப் பார்க்காதே, குமிழியைப் பார்.
இறுக்கிப் பிடித்தால் கீழே இருப்பவன் நகரமுடியாது.
ரொம்ப விட்டால் பாறையில் சுற்றிக்கொள்ளும்.
சிகரெட் பிடிக்காதே.
அவன் போகிற பக்கம்தான் படகு போகணும்,
படகு போகிற பக்கம் அவன் இல்லை.
பிறகு தொடக்கத்துக்கே போய்
எல்லாவற்றையும் மறுபடி சொன்னார்.

நடுவே நெவிலின் குரல், தணிவாக:
"காற்றுத் திசையையும் சொல்லு, டாரல்."
"ஆமாம்," என்றார் இவர். "காற்றுத் திசை."

ஆணை பிறப்பித்த நேரம் ஆறு இருபத்திரண்டு.
விசாரணை முடிந்தது என்றேன்.
யாரும் தொலைபேசியை வைக்கவில்லை.
நானும்.