பதினெட்டு மாதம்

வெள்ளிக்கிழமை வசூல் முடிந்து
கச்சேரியடித் தேநீர்க் கடையில்
மூன்று துண்டுப்பிரசுரங்களையும்
வடைத் தட்டுக்கு அடியில் வைத்தேன்,
காற்று கொண்டுபோய்விடும்.

ஒன்று பளபளப்பான தாள்.
அதில் சிரிக்கிற பிள்ளையின் தொப்பியில்
ஒரு மடிப்புக்கூட இல்லை.
ஒன்பது லட்சம். விடுதி வேறாக.
மற்றது நான்கரை லட்சம் மட்டும் என்றது.
அந்த 'மட்டும்' எனக்குப் பழக்கம்.
நானும் அதைத்தான் சொல்லுவேன்
வீட்டு வாசல்களில்:
கிழமைக்கு ஆயிரத்து முந்நூறு மட்டும் அக்கா.

விலங்கியலில் பட்டம் எடுத்து ஏழு வருடம்.
தவளையின் இதயத்துக்கு மூன்று அறை
மனிதருக்கு நான்கு என்று எழுதித் தேறினவள்
கடன் கம்பனியின் மோட்டார்சைக்கிளில்
நாவாந்துறை முதல் கொழும்புத்துறை வரை
கையெழுத்து வாங்கித் திரிகிறேன்.
பட்டம் இருப்பதால்
தாதியியலின் நான்கு வருடத்தைப்
பதினெட்டு மாதமாய் மடிக்கலாமாம்.
மடிப்புக்குள் என்னென்ன போகும் என்று
எந்தத் தாளிலும் இல்லை.

மலிவான இடத்தில் கேட்டேன்,
வாட்டில் எத்தனை மணித்தியாலம்?
கவுண்டரில் இருந்த பெடியன்
"வெளிநாட்டுக்கோ அக்கா?" எண்டான்.
"ஜேர்மனி எண்டால் பாஷையும் சேர்த்துத் தாறம்."
ஓம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல்
சீருடைக்கு எவ்வளவு என்றேன்.
சீருடை வேறு, பரீட்சை வேறு, பதிவு வேறு.
வேறுகளைக் கூட்டினால்
நான்கரை, ஏழு ஆயிற்று.

மூன்றாவது, திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால்
இரும்புக் கடைக்கு மேல்மாடி.
ஆறு லட்சத்து இருபதாயிரம், எல்லாம் உட்பட.
அதே கேள்விக்கு யசிந்தா மிஸ்
வாய் திறக்காமல்
இழுப்பறையிலிருந்து இரவுக் கடமைக் கொப்பியை எடுத்து
விரல் நக்கிப் புரட்டினா.
போன வருடத்துப் பிள்ளைகளின் பெயர்,
கட்டில் இலக்கம், கையெழுத்து.
ஒரு பக்கத்தில் கோப்பிக் கறை.
ஒரு பெயருக்கு நேரே சிவப்பு மையில்:
ஊசி போடமுன் பெயர் கேட்கவில்லை. திரும்பச் செய்ய.
"பதினெட்டு மாதம் காணாது" எண்டா,
"நித்திரையைக் குறைச்சால் கொஞ்சம் நீளும்."

இன்று காலை கொட்டடியில்
பத்மலோசனியக்கா தவணை இல்லை என்றா.
பெருவிரலில் துணி சுற்றியிருந்தது.
சீனி வருத்தம். மணம் வாசலுக்கு வந்தது.
அந்தத் துணியை அவிழ்க்க வேணும் என்று தெரிந்தது,
அவிழ்த்த பிறகு என்ன என்று தெரியவில்லை.
கட்டத்தில் 'வரவு இல்லை' எழுதி
ஆசுபத்திரிக்குப் போங்கோ என்றேன்.
"காசுக்கு வந்தவள்
காலைப் பாத்திட்டுப் போறாள்" என்று
மகளிடம் சொன்னது
மோட்டார்சைக்கிளை உதைக்கையில் கேட்டது.

வசூல் தாளின் பின்பக்கம் கணக்கு.
சீட்டு எடுத்தால் இரண்டு லட்சம்.
காப்பு ஏற்கெனவே வங்கியில்.
இவருடைய டிப்பர் ஓடினால் ஒரு தவணை,
மணல் அனுமதி கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை.
மிச்சத்துக்குக் கடன்.
வட்டியை என்னைவிட வேகமாக
இந்தக் கடையில் யாரும் கூட்டமாட்டார்கள்.
எத்தனையாம் மாதத்தில்
கதவைச் சாத்திவிட்டு
மூச்சுக் காட்டாமல் உள்ளே இருப்பேன் என்பதும் தெரியும்.
அப்படிச் சாத்தின கதவுகளைத்
தட்டினவள் நான்.

பையில் கிடந்த எங்கள் கம்பனியின் விண்ணப்பத்தில்
அடியில் இரண்டு கோடுகள்:
இடதுபக்கம் கடன் பெறுபவர்,
வலதுபக்கம் உத்தியோகத்தர்.
பழக்கத்தில் பேனை வலதுபக்கம் போனது.
வெட்டினேன்.

கடைக்காரர் தட்டை எடுத்தார்.
பளபளப்புத் தாள் எழும்பி
வீதியில் ஓர் ஓட்டோவுக்கு அடியில் போனது.
எட்டிப் பிடிக்கவில்லை.
இரும்புக் கடையை ஆறு மணிக்குப் பூட்டுவார்கள்.
இப்போது ஐந்து இருபது.