வால் நீளம்

மட்டக்குளிச் செருப்புத் தொழிற்சாலை வாசலில்
விரல் வைக்கும் மெஷின்
இன்றைக்கும் என்னைத் தெரியாது என்றது.
பதினொரு வருடச் சொலூஷன்
பெருவிரல் ரேகையைத் தின்று முடித்திருந்தது.
"சட்டையில துடைச்சிட்டு வைங்க அக்கா."
துடைத்தேன். மூன்றாம் முறையும் சிவப்பு விளக்கு.
பிறகு வழமைபோல்
கொப்பியில் கையெழுத்து.

மாசியில்
பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள்.
சாப்பாட்டு மேசையில் பத்திரிகை விரித்து
ஆளுக்கொரு சின்னக் குழாய் இரத்தம்.
வெற்றிலை போடுவீங்களா,
வெளிநாடு போனீங்களா,
எத்தனை பிள்ளை,
எத்தனை கலைஞ்சது.

"எந்த வருசத்தில?" என்று
மெடில்டா திருப்பிக் கேட்டாள்.
எழுதிக்கொண்டிருந்த பேனை
கொஞ்ச நேரம் நின்றது.

என் இலக்கம் முப்பத்தொன்று.
பெயர் வராது, பயப்படாதீங்க என்றார்கள்.
பெயரைப் பற்றி யார் பயந்தது?

ஐப்பசியில் படம் காட்டினார்கள்.
மடிக்கணினிக்குள் ஒரு கறுப்பு வானம்.
இது கணக்குப் பிரிவு ஆட்களின் கலம்:
பச்சையாய், உருண்டையாய்,
ஏசி அறைக்குள் இருப்பதுபோல் ஒழுங்காய்.
இது ஒட்டுப் பிரிவு:
ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வால்.
அறுந்த மரபணு இழை
மின்சாரத்தில் இழுபட்டு நீளுதாம்.
"வால்வெள்ளி மாதிரி, என்ன?" என்ற பிள்ளை
உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
வடிவாகத்தான் இருந்தது.

இதில் முப்பத்தொன்று எது என்றேன்.
ஆளுக்கு ஆள் சொல்ல ஏலாது,
இது சராசரி வால் நீளம் என்றாள்.
சராசரிக்கு
விடிய நாலு மணிக்குத் தலை சுற்றுமா?

பிள்ளைகளுக்கும் போகுமா என்று ரிஸ்மியா கேட்டாள்.
தையில் அவளுக்குக் கலியாணம்.
அதை நாங்க இன்னும் பார்க்கவில்லை என்றார்கள்,
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

முகாமையாளர் எழும்பினார்.
நாளையிலிருந்து ஆளுக்கொரு பால் பக்கற்.
கை தட்டினோம்.
நாங்கள் கேட்டிருந்தது இரண்டு ஜன்னல்.

நூற்று நாற்பத்தைந்து பஸ்ஸில்
பக்கத்தில் இருந்தவர்
மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனார்.
நல்லது, சாய்ந்து இருக்க இடம் கிடைத்தது.

வீட்டில் மகள்
என் தலைமுடிக்குள் முகம் புதைத்து
"அம்மா வாசம்" என்பாள்.
தகரத்தின் பக்கவாட்டில்
அந்த வாசத்துக்கு வேறு பெயர் இருக்கிறது,
மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே.
தள்ளிப் போ, குளிச்சிட்டு வாறன் என்றால்
கோபித்துக்கொள்கிறாள்.

நேற்று கரண்ட் இல்லை.
மெழுகுதிரி வெளிச்சத்தில்
அவள் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தேன்.
ரேகை எல்லாம் இருந்தது, சுழி சுழியாய்.
எண்ணத் தொடங்கி
நடுவில் விட்டுவிட்டேன்.
"என்னம்மா தேடுறீங்க?"

கைப்பையில் சூடேறிக் கிடந்த பால் பக்கற்றைக்
கத்தரித்து
இரண்டு கிளாசில் ஊற்றினேன்.
அவளுடையதில் கொஞ்சம் கூட.