இருபது மீட்டர்

ஆபீசில் வசூலானது மூவாயிரத்து நானூற்றைம்பது.
கவரை என் மேசையில் வைத்து
‘பக்கத்து சீட்டு நீங்கதானே, நீங்களே பாத்து வாங்கிடுங்க’ என்று
கழன்றுகொண்டார் கணக்குப்பிள்ளை.

மணிக்கூண்டுப் பக்கம் பாத்திரக்கடையில்
ஸ்டூலை இழுத்துப் போட்டபடி பையன் கேட்டான்,
‘புதுக் குடித்தனமா சார்?’
பழைய குடித்தனம் தம்பி, கல்யாணம்தான் புதுசு.
அவனுக்குப் புரியவில்லை.
புரியாமலேயே குக்கரைக் காட்டினான்.

அவர்கள் குக்கருக்கு மூன்றாவது கேஸ்கட்டை
போன ஆடியில்தான் மாற்றினார்கள்.
மிக்ஸி உண்டு. மூடியை அமுக்கிப் பிடித்தால் ஓடும்.
யார் அமுக்குவது என்பதில் சண்டையும் உண்டு.
குத்துவிளக்கென்றால் தேவசகாயம் சிரிப்பான்,
மாதா படமென்றால் ஏற்கெனவே இரண்டு.
சுவர்க்கடிகாரம்?
பத்து நிமிஷம் முந்தி ஓடும் ஒன்றை
ஆறு வருஷமாக இருவரும்
மனசுக்குள் கழித்தே பழகிவிட்டார்கள்.
கூறைநாட்டில் இருந்துகொண்டு
மங்கையர்க்கரசிக்கு ஒரு கூறைப்புடவை எடுக்காமலா
என்றாள் என் மனைவி.
எடுக்கலாம். அவனுக்கு வேட்டி சட்டையும் எடுக்கலாம்.
எடுத்து, நனைத்து, எங்கே உலர்த்துவார்கள்?

அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

வீடு அவள் பெயரில்.
‘தனியா இருக்குற நர்ஸம்மா’ என்றுதான்
அட்வான்ஸ் வாங்கினார் கீழ்வீட்டுக்காரர்.
அவருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்,
அரை லிட்டரை ஒரு லிட்டராக்கிய பால்காரருக்கு
எல்லாருக்கும் முன்பே தெரியும்.
ஆனாலும் மொட்டை மாடியில் காய்வது
அவள் துணி மட்டும்.
அவனுடையவை உள்ளே, மின்விசிறிக்குக் கீழே,
நாற்காலி முதுகில், கதவு விளிம்பில்.
பக்கத்தில் உட்காரும் எனக்குத்தான் தெரியும்
வெயில் படாத அந்த வாடை.
கார்த்திகை அடைமழையில் எல்லார் சட்டையிலும் வரும்.
இவன் சட்டையில்
சித்திரையிலும் வரும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில்
நோட்டீஸ் பலகையைப் போய்ப் பார்த்தேன்.
முப்பது நாள். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்.
இரண்டு பெயரும் ஒரே தாளில்,
தெருக்காற்றில் படபடத்துக்கொண்டு.
ஓரத்தில் ஒரு குண்டூசி கழன்றிருந்தது.
குத்திவிட்டு வந்தேன்.

அப்புறம் ஹார்டுவேர் கடை.
‘ஒரு கல்யாணத்துக்கு. கொடி வேணும்.’
‘நகைக்கடை எதிர்வாடை சார். எத்தன பவுன்ல?’
‘இருபது மீட்டர்’ என்றேன்.
‘நைலான். வெயில்ல இத்துப் போகாததா.’
இரண்டு இரும்புக் கம்பம், கொக்கி, நாலு டஜன் கிளிப்பு,
வெல்டர் கூலி, லோடு ஆட்டோ.
மிச்சத்துக்கு அரைக் கிலோ அல்வா.

கணக்குப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார்.
‘நல்ல காரியத்துக்குப் போய் யாராவது கயிறு குடுப்பாங்களா?’
நீங்கள் கட்டியது என்னவாம் என்று கேட்க வந்து
வாழ்த்து அட்டையில்
அவர் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை பதிவு முடிந்தது.
அன்று பிடித்த மழை.
கம்பம் நட்டாயிற்று, கொடி கட்டியாயிற்று,
கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு
இடதுபக்கக் கம்பம் சாய்வு என்று மட்டும் சொன்னாராம்.
செய்தியோடு ஒரு படமும் வந்தது.
கயிறு நெடுகத் துளிகள்,
நனைந்த ஒரு காக்கை.
காவேரியில் கீழ்ப்படிகள் தெரியவில்லை என்றார்கள்.
தேவசகாயம் நாள் தவறாமல் வந்தான்,
அதே வாடையோடு.
நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள், வெள்ளி, பதினொன்றே கால் மணிக்கு
ஃபைல் மேல் சுள்ளென்று விழுந்தது.
எழுந்தான்.
பர்மிஷன் சீட்டில் ஒரு மணி நேரம் என்று எழுதினான்.
காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று போட்டு,
கொஞ்சம் யோசித்து, அதை அடித்து,
‘வெயில்’ என்று எழுதி
நீட்டினான்.