உடம்பைப் பார்

கேப்பர் மலைச் சரிவு, சிறை மதிலுக்கு வெளியே
ஆடுதின்னாப்பாளைக் கொடிமேல் பறந்ததால்
ரோஜா அழகி என்று எழுதிவிட்டேன்.
"உடம்பப் பாத்தியா?" என்றான் இரிசப்பன்.

இறக்கையைத்தான் பார்த்தேன்.
பின்னிறக்கை நடுவே வெள்ளை,
ஓரத்தில் சிவப்புப் பிறைகள்,
வால் இரண்டு. நஞ்சுள்ளவளின் அதே மிதப்பு.

எடுத்த படம் மூன்றும் மங்கல்.
தண்ணீர் பாட்டில் காலியாகி
கெடிலம் பக்கமிருந்து காற்று வரும்வரை
சண்டை போட்டோம்.

அவளோ
காவலர் குடியிருப்பு வேலி தாண்டி
யாரோ புளித்த மோர் ஊற்றி வளர்க்கும்
கறிவேப்பிலைக் கன்றில் இறங்கி
வயிற்றை வளைத்து
ஒரு முட்டை வைத்தாள்.
மஞ்சள். கடுகளவு.

வயிறு கறுப்பு.

ரப்பர் கொண்டுவரவில்லை.
அடித்து எழுதினேன்:
கறிவேப்பிலை அழகி, பெண், ஒன்று.
கோட்டுக்கு அடியில்
பழைய பெயரும் தெரிகிறது.