சமைத்த நேரம்

குழி வெட்டியவர் இரண்டு முறை கேட்டார்,
"நெசமாவே கொட்டிடலாமுங்களா மேடம்?"

பாலக்கோடு. இரவு பதினொன்று இருபது.
மூன்று அண்டா பிரியாணி.
மதியக் கறிவிருந்தில் மிஞ்சி
மண்டபத்துத் தகரக் கொட்டகையில் மாலைவரை புழுங்கி
டெம்போ ஏறிப்
பிள்ளைகள் இல்லத்துக்குப் புண்ணியமாக வந்தது.

மூடியைத் திறந்தேன்.
பட்டை கிராம்பு வாசனைக்கு அடியில்
இன்னொரு வாசனை.
விரல் வைத்தால் நூல் விட்டது சோறு.

சட்டப்படி நான்கு பங்கு மாதிரி எடுத்தேன்.
அரக்கு உருக்கி முத்திரை குத்தினேன்.
கொடுத்தவர் சாட்சிக் கையெழுத்துப் போட மறுத்தார்.
டெம்போக்காரர் போட்டார்.
முடிவு வரப் பதினான்கு நாள்.
பசிக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

ஜன்னல் கம்பிகளில் நாற்பத்தொரு முகம்.
பெங்களூரில் கட்டடம் கட்டப் போனவர்களின் பிள்ளைகள்,
செம்மரம் வெட்டப் போய்க்
கடப்பைச் சிறையில் இருப்பவரின் இரண்டு பெண்கள்,
யாருடையவன் என்று பதிவேடும் அறியாத ஒருவன்.
அவன்தான் கேட்டான்:
"யக்கா, அதுல முட்ட இருந்துச்சா?"

இருந்தது.
ஆளுக்கொன்று இருந்தது.
பினாயில் ஊற்றியபோது
குழியில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன.

"இல்ல" என்றேன்.
பணியில் சேர்ந்த பிறகு
நான் செய்த முதல் கலப்படம்.

பட்டியலில் அவன் பெயர் பார்த்தேன்.
நஞ்சுண்டன். வயது ஒன்பது.
பேனா அங்கேயே நின்றது.
அந்தச் சாமிக்கு
தொண்டையைப் பிடிக்க ஒருத்தி பக்கத்தில் இருந்தாள்.

பன்னிரண்டரைக்குத் திம்மக்கா களி கிண்டினாள்.
பாதிப் பேர் தூங்கிவிட்டிருந்தார்கள்.

காலையில் தக்காளி மண்டி சென்றாயன்
ஏழெட்டுப் பேரோடு அலுவலகம் வந்தார்.
"சோறு போட்டாக் குழி தோண்டிப் பொதைக்கிறீங்க.
பசியோட படுத்தா அது பாதுகாப்பா?"
கேள்வி சரியானதுதான்.
எனக்கு இரவெல்லாம் அதுதான் ஓடியது.
திருப்பி ஒன்று கேட்டேன்:
"சமைச்சது எத்தன மணிக்குங்க?"
ஒருவருக்கும் தெரியவில்லை.
கொடுத்தது யார் என்று மட்டும்
வாசல் பேனரில் ஆளுயரத்துக்கு இருந்தது.

மாவட்டக் கூட்டத்தில் மூன்று நிமிடம் தந்தார்கள்.
பதிவேட்டில் ஒரே ஒரு கட்டத்தை மாற்றச் சொன்னேன்.
'கொடுத்தவர் பெயர்' வேண்டாம்.
அந்த இடத்தில் 'சமைத்த நேரம்'.
சிலர் சிரித்தார்கள்.
ஆணை வந்தது.

வந்த பிறகு ஒரு மாதம்
எந்த இல்லத்து வாசலிலும் டெம்போ நிற்கவில்லை.
பேர் எழுதாத நோட்டுக்குப்
புண்ணியம் வண்டி ஏறுவதில்லை போலும்.
களி, கீரை, களி, ரசம்.
திம்மக்கா என்னிடம் பேசுவதை நிறுத்தினாள்.

பதினேழாம் நாள் ஆய்வக முடிவு வந்தது:
உண்ணத் தகுதியற்றது, பாதுகாப்பற்றது.
கோப்பில் கோத்தேன்.
ஜெயித்ததுபோல் எல்லாம் இல்லை.

பிறகு முட்டைக்காக அலைந்தேன்.
ஒரு துறை இன்னொரு துறையைக் காட்டியது.
அது மாடியைக் காட்டியது.
மாடியில் ஆள் விடுப்பு.
வாரம் இரண்டு முட்டைக்கு அனுமதி கிடைத்தபோது
கார்த்திகை பாதி போயிருந்தது.

நஞ்சுண்டன் சிரித்தால்
பல்லில் பழுப்புக் கோடு தெரியும்.
ஆழ்துளைக் கிணறு எழுதியது அது.
சோற்றை ஒரு இரவில் நிறுத்த முடிந்த எனக்கு
அந்தத் தண்ணீரை நிறுத்த
எட்டு வருடத்தில் முடியவில்லை.
மனு எண் மட்டும் மனப்பாடம்.

கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டானாம்.
நேரக் கட்டத்தை இப்போது அவனே நிரப்புகிறானாம்.
புதன்கிழமை ஆய்வுக்குப் போனேன்.
கட்டத்துக்குள் கொள்ளாமல்
கோட்டுக்கு வெளியே வழிந்திருந்தது கையெழுத்து:

12.10. முட்ட இருந்துச்சி.

தணிக்கைக்காரர் கேட்பார்.
கேட்கட்டும்.
எழுத்துப் பிழையைத் திருத்தாமல்
கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.