ஒரு திரைத் திட்டம்

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
ஒன்பது கிலோமீட்டரில் அக்கா இருக்கிறாள்.
போனில் டவர் மாறுகிற இடம்
லாட்டரிக் கடைக்கும் கள்ளுக்கடைக்கும் நடுவே.
அங்கே நின்றால் வரவேற்பு மலையாளத்தில் வரும்,
நாலடி பின்னால் வந்தால் தமிழில்.
நான் நாலடி பின்னால் வந்து
மூன்று வருஷமாகிறது.

சண்டை சங்கிலியைப் பற்றியது.
மூன்றரைப் பவுன், அவளுடையது.
அடகு வைத்தது நான்,
ஏலத்துக்குப் போனது அது,
கடிதம் வந்தது அவள் விலாசத்துக்கு.
அதற்குமேல் சொல்ல எனக்கு வாய் இல்லை.

சினிமா பார்க்கிற கணக்கு மட்டும்
இன்னும் அவள் பேரில்தான்.
சண்டைக்கு முந்தின பொங்கலுக்கு
என் போனை வாங்கி அவளே போட்டுக் கொடுத்தது.
கடவுச்சொல், எங்கள் சிவலை மாட்டின் பேரும்
அது செத்த வருஷமும்.
என் நம்பரைத் தடுத்துவிட்டாள்.
வாட்ஸ்அப்பில் அவள் முகம் இருந்த இடத்தில்
சாம்பல் வட்டம்.
கடவுச்சொல்லை மாற்றவில்லை.
பெரியம்மா மறந்திருக்கும் என்கிறாள் ஹர்ஷிதா.
அக்கா எதையும் மறக்கிற ஆளில்லை.

மலிவான திட்டம், ஒரு நேரத்தில் ஒரு போன்தான்.
நார் மில்லில் ஷிப்டு முடிந்து
தலைத்தூசி தட்டி
பத்து மணிக்குத் திறந்தால்
'வேறொரு சாதனத்தில் பார்க்கப்படுகிறது' என்று வரும்.
அப்படியென்றால்
அக்கா சாப்பிட்டுவிட்டாள்,
மாமா லோடு ஏற்றப் போயிருக்கிறார்,
முழங்கால் தூங்கவிடவில்லை.
இத்தனையும் அந்த ஒரு வரியில் இருக்கும்.
நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.
பார்க்கட்டும்,
பணம் கட்டுகிறவள் அவள்தானே.

எதுக்குடி காசு என்பாள் தமயந்தி.
வெள்ளிக்கிழமை வந்த படம்
மத்தியானச் சோற்றுக்குள் அவள் போனில் இருக்கும்.
தூக்குப்போசியில் சாய்த்துவைத்து
மில்லே பார்க்கும்.
பாதிப் படத்தில் யாரோ ஒருத்தன் தலை எழுந்து
திரையை மறைத்துக்கொண்டு
முறுக்கு வாங்கப் போகும்.
வாங்கிக்கொள்ளலாம்தான்.
அதில் அக்கா இருக்கமாட்டாள்.

கணக்குக்கு நாங்கள் ஒரே ஆள்.
அவள் பார்க்கிற மலையாளக் கொலைக்கேஸ்களையும்
நான் பார்க்கிற பேய்ப்படங்களையும் சேர்த்து
யாரோ ஒருத்தியைச் செய்து வைத்திருக்கிறது அது.
அந்த ஒருத்திக்குப் பிடிக்கும் என்று
ஒருநாள் எடுத்து நீட்டியது:
பேயே கொலைக்கேஸை விசாரிக்கிற படம்.
சிரித்துவிட்டேன்.
என்னடி என்றாள் தமயந்தி.
ஒன்றுமில்லை என்றேன்.

வைகாசியில் சிவப்பு எழுத்து வந்தது.
கட்டணம் நின்றுபோயிருக்கிறதாம்.
கார்டு காலாவதியா, கையில் காசில்லையா,
இல்லை, மாற்றாத கடவுச்சொல்லை
மாற்றுகிற விதமே இதுதானா.
இரண்டு ராத்திரி விட்டத்தைப் பார்த்துக் கிடந்தேன்.
மூன்றாம் நாள் வாரக்கூலியில்
நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் நானே அனுப்பினேன்.
சங்கிலிக்கு ஈடாகுமா என்று கேட்காதீர்கள்.
கணக்குப் போட எனக்கும் தெரியும்.

அன்று பத்து மணிக்குத் திறந்தேன்.
யாரும் பார்க்கவில்லை.
பதினொன்றுக்கும் யாரும் இல்லை.
கணவாய்க் காற்று தகரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது.
பன்னிரண்டேகாலுக்கு
வேறொரு சாதனத்தில்.

காலையில் 'தொடர்ந்து பார்க்க' வரிசையில்
அந்தப் பேய் விசாரிக்கிற படம்
ஐம்பத்திரண்டாவது நிமிஷத்தில் நின்றிருந்தது,
ஒரு பொம்பளை கதவைப் பாதி திறந்தபடி.
தூங்கிப்போனாளா,
அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டதா.
விரலை வைத்தால் ஓடும்.
ஓடினால்
அவள் நிறுத்திய இடம் போய்விடும்.

பஸ்சுக்கு இன்னும் நேரம் இருந்தது.
எருமை குளிப்பாட்டுகிற ஒருவனின் ரீல்ஸ் வந்தது.
முழுசாகப் பார்த்தேன்.
எவ்வளவு இழுத்தும்
எருமை தண்ணீரைவிட்டு ஏறவில்லை.